வாசலுக்கு முன் உள்ள தெரு: இடப்பள்ளியிலிருந்து ஒரு பழைய வழக்கு

இடப்பள்ளியின் பெருஞ்சாலைகளை விட்டு உள்ளே திரும்பினால் தெருக்கள் சட்டெனச் சுருங்கிவிடுகின்றன. ஒரு கார் நின்றுவிட்டால் மற்றொரு கார் மதிலை உரசாமல் கடப்பது அரிது. தேசிய நெடுஞ்சாலைகள் சந்திக்கும் அந்நாற்சந்திக்கு 2013இல் பெரும் வணிக வளாகம் வந்தது. 2016இல் மேம்பாலம் வந்தது. 2017இல் மெட்ரோ இரயில் வந்தது. உள்தெருக்களின் அகலம் மட்டும் மாறவில்லை. அத்தகைய தெருவொன்றில் ஒரு வீட்டார் இரண்டாவது கார் வாங்குகிறார். உள்ளே இடமில்லை. எதிர்வீட்டு மதிலோரம் நிறுத்துகிறார். முதல் வாரத்தில் அது சிரித்த முகத்துடன் கேட்டுப் பெற்ற அனுமதி. ஆறாம் மாதத்தில் அது வழக்கம். மூன்றாம் ஆண்டில் அது உரிமை. பொறுமையிழந்த எதிர்வீட்டார் இரண்டு சிமெண்டுத் தொட்டிகளையும் ஓர் உடைந்த நாற்காலியையும் தெருவில் கொண்டுவந்து வைக்கிறார். இருவரும் உரைப்பது ஒரே வாக்கியம்: ‘இது என் வீட்டு முன்னிடம்.’

கேரளத்தின் எந்த நகரத்திலும், தமிழகத்தின் எந்தப் புறநகரிலும் காணத்தக்க காட்சிதான் இது. ஆயினும் இடப்பள்ளியில் இதற்கு ஒரு தனிச் சுவை உண்டு. அண்டை வீட்டானுக்கு அன்பினால் விட்டுக்கொடுத்த இடம் திரும்பி வராமற்போன கதை, இவ்வூரின் அரசியல் வரலாற்றிலேயே முதல் அத்தியாயமாக இருக்கிறது.

இடப்பள்ளியை ஆண்டவர்கள் இளங்கல்லூர் சொரூபத்தைச் சேர்ந்த நம்பூதிரி மரபினர். 1341ஆம் ஆண்டின் பெரியாற்று வெள்ளத்துக்குப் பின் கொச்சியின் கடல்வாய் ஆழமாகித் துறைமுகமாயிற்று. அத்துறையை ஒட்டிய நிலம் அப்போது இடப்பள்ளியின் கையில் இருந்தது. மரபுவழிச் செய்தியின்படி, பெரும்படப்புச் சொரூபத்துப் பெண்ணுக்குப் பிறந்த ஓர் இடப்பள்ளி மன்னர், தம் தாய்வழியினர்மீது கொண்ட பற்றினால் அந்நிலத்தை அவர்களுக்குக் கொடுத்தார். பெரும்படப்பினர் கொடுங்கல்லூர்ப் பகுதியிலிருந்து கொச்சிக்கு வந்து அமர்ந்தனர். கொச்சி அரசர் என்னும் பெயர் பெற்றனர். பின்வந்த இடப்பள்ளியார் நிலத்தைத் திரும்பக் கேட்டனர். அவர்கள் பார்வையில் அது ஒருவரின் தனிப்பட்ட சலுகை. குடியின் சொத்தை நிரந்தரமாகக் கொடுக்க அவருக்கு அதிகாரம் இல்லை. கொச்சியின் பார்வையில் கொடுத்தது கொடுத்ததுதான்.

இவ்வழக்கு நூறாண்டு கடந்தும் ஆறவில்லை. 1503, 1504ஆம் ஆண்டுகளில் கோழிக்கோட்டுச் சாமூதிரி கொச்சியின்மீது படையெடுத்தபோது இடப்பள்ளி சாமூதிரியின் பக்கம் நின்றது. போர்த்துகீசிய ஏடுகளில் ரெப்பெலிம் என்னும் திரிந்த பெயருடன் இவ்வூர் அடிக்கடி வருவதற்குக் காரணம் அதுவே. பல ஆயிரம் பேர் ஆயுதம் ஏந்திய அப்போரில் மிளகு வணிகம், போர்த்துகீசியர் வருகை, சாமூதிரியின் பேரரசு ஆசை என்று பெரிய காரணங்கள் பல உண்டு. அவற்றினடியில், ‘அந்த இடம் எங்களுடையது’ என்னும் ஓர் அண்டை வீட்டுச் சண்டையும் கிடந்தது. பிற்காலத்தில் இடப்பள்ளி திருவிதாங்கூரின் ஆளுகைக்கு உட்பட்டது. கொச்சி நிலத்தின் விளிம்பில் செருகிவைத்தாற்போல, 1949இல் இரு சமஸ்தானங்களும் இணையும்வரை அது வேறொரு அரசின் ஊராகவே இருந்தது. 1967இல் மட்டாஞ்சேரி, போர்ட் கொச்சி, எறணாகுளம் ஆகிய நகராட்சிகளும் இடப்பள்ளி உள்ளிட்ட ஊராட்சிகளும் சேர்ந்து கொச்சி மாநகராட்சி ஆனபோதுதான், கொடுத்தவரும் பெற்றவரும் மீண்டும் ஒரே கூரையின்கீழ் வந்தனர்.

நிலவழக்குக்கும் தெருவழக்குக்கும் ஓர் அடிப்படை வேறுபாடு உண்டு. நிலத்துக்கு உடையவன் ஒருவன் இருந்தே தீர்வான். தெருவுக்கு அப்படி ஒருவன் இல்லை. ஆகவே தெருவைப் பற்றிய சண்டையில் இருவருமே இல்லாத ஒன்றுக்காகப் போராடுகிறார்கள். இதைப் புரிந்துகொள்ளச் சற்றுப் பின்னோக்கிச் செல்லவேண்டும்.

கௌடலீய அர்த்தசாத்திரத்தின் மூன்றாம் அதிகரணம் வழக்குகளைப் பற்றியது. அதில் வீடு, மனை பற்றிய பகுதி தொடங்கும் இடத்திலேயே, இத்தகைய வழக்குகள் அண்டை அயலாரின் சாட்சியத்தைக் கொண்டு தீர்க்கப்படவேண்டும் என்னும் விதி வருகிறது. அதே பகுதியில், சக்கர வண்டிகளும் கால்நடைகளும் நிற்கும் இடத்தை எங்கே, எவ்வளவு இடைவெளியில் அமைப்பது என்பதற்கு முழக் கணக்கில் ஓர் அளவு கூறப்படுகிறது. மீறினால் 24 பணம் தண்டம். உரலும் அடுப்பும் தண்ணீர்த் தொட்டியும் வண்டியோடு சேர்த்து ஒரே விதியில் எண்ணப்படுகின்றன. அடுத்துவரும் பகுதியில் வழியை மறிப்போருக்கான தண்டங்கள் அடுக்கப்படுகின்றன: மனிதரும் சிறு விலங்குகளும் செல்லும் வழியை அடைத்தால் 12 பணம், பெருவிலங்குகளின் வழிக்கு 24, யானை வழிக்கும் வயல் வழிக்கும் 54, இடுகாட்டுக்கும் ஊருக்கும் செல்லும் வழிகளுக்கு 200, நாட்டின் பெருவழிக்கு 1000. அடைத்தவன் யார், எவ்வளவு காலமாக அடைத்திருந்தான் என்பதை இந்நூல் இங்கே பொருட்படுத்தவில்லை. அவ்வழியில் யார் யார் போகவேண்டியிருந்தது என்பதே தண்டத்தின் அளவுகோல். இந்நூலுக்குக் கேரளத்தில் எழுந்த பாஷா கௌடலீயம் என்னும் உரை மலையாளத்தின் மிகப் பழைய உரைநடைகளுள் ஒன்று; தமிழ் கற்றவர் ஓரளவு வாசித்துப் பொருள்கொள்ளத்தக்க மொழி அது. ஆக, வழியை மறித்தல் குற்றம் என்னும் கருத்தை இம்மண்ணுக்கு வெள்ளையர் கொண்டுவந்து சேர்க்கவில்லை.

கொச்சிக் காயலைச் சுற்றிய ஊர்களில் நெடுங்காலம் தெரு என்பது நீராகவே இருந்தது. முட்டார் ஆற்றையும் சித்திரப்புழையையும் இணைக்கும் இடப்பள்ளித் தோட்டில் சரக்கு வள்ளங்கள் சென்ற காலம் உண்டு. (மலையாளத்தில் தோடு என்றால் ஓடை, கால்வாய்.) மட்டாஞ்சேரியின் பண்டகசாலைகள் அக்காலத்துக்கு ஏற்பக் கட்டப்பட்டவை. அவற்றின் ஒரு முகம் நீரைப் பார்க்கும். மறுமுகம் பசார் சாலையைப் பார்க்கும். மிளகும் சுக்கும் அரிசியும் வள்ளத்தில் வந்து பின்வாசல் படித்துறையில் இறங்கும். முன்வாசலில் உள்ள சாலை ஆட்கள் நடக்கவும் கைவண்டி, மாட்டுவண்டி செல்லவும் போதுமான அகலம் கொண்டது. அதற்கு மேல் அகலம் தேவைப்படவில்லை. லாரி வந்தபின் சுமை முழுவதும் நீர்ப்பக்கத்திலிருந்து தெருப்பக்கத்துக்கு மாறியது. கட்டடங்களோ அப்படியே நின்றன. பின்வாசல் படித்துறைகளில் நடந்த வேலையனைத்தும் முன்வாசல் தெருவில் நடக்கவேண்டிய கட்டாயம் பிறந்தது. இன்று மட்டாஞ்சேரியில் ஒரு கடைக்கு முன் லாரி நிற்பதைக் கண்டு சினங்கொள்ளும் அடுத்த கடைக்காரர் குறை கூறுவது ஒரு மனிதரை. குற்றம் பெருமளவும் போக்குவரத்தின் முகம் திரும்பியதில் உள்ளது.

இதே நிலையை இங்கிலாந்து 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சந்தித்தது. அங்கே நடந்த மூன்று வழக்குகள் பின்னர் இந்தியச் சட்டத்துக்கும் அடித்தளமாயின. முதலாவது 1805ஆம் ஆண்டின் ரஸ்ஸல் வழக்கு. எக்ஸெட்டர் நகரத்துச் சரக்கு வண்டிக்காரர் ஒருவர், தம் பண்டகசாலைக்கு முன் பொதுத்தெருவில் பெருவண்டிகளைப் பகலும் இரவும் மணிக்கணக்கில் நிறுத்திச் சுமை ஏற்றி இறக்கினார். அவர் தரப்பு வாதம் கேட்க நியாயமாகவே தோன்றும்: தெருவின் மறுபக்கத்தில் இரண்டு வண்டிகள் செல்ல இடம் இருந்தது, தொழிலுக்கு வேறு வழியும் இல்லை. நீதிமன்றம் ஏற்கவில்லை. தெருவின் முதல் நோக்கம் பொதுமக்கள் தடையின்றிச் செல்வது. மீதி இடம் இருக்கிறது என்பது விடையாகாது என்று முடிவாயிற்று.

மற்ற இரண்டும் 1812இல் எல்லன்பரோ பிரபு என்னும் தலைமை நீதிபதியின் முன் வந்தவை. கிராஸ் என்பவரின் பயணிகள் வண்டி இலண்டனின் சாரிங் கிராஸ் பகுதித் தெருவில் நெடுநேரம் நின்றது. ஆட்களை ஏற்றவும் இறக்கவும் வேண்டிய அளவு நிற்கலாம். அதற்குமேல் நின்றால் அரசரின் நெடுஞ்சாலையை இலாயமாக்குவது ஆகும் என்றார் நீதிபதி. ஜோன்ஸ் என்னும் மரவணிகர் இடம் போதாமல் மரங்களைத் தெருவில் போட்டு வேலை செய்தார். தம் வளாகம் குறுகலானது என்றால் அகலமான இடத்துக்குப் பெயர வேண்டியது அவரே. பொதுமக்கள் தெருவைச் சுருக்கிக்கொள்ள வேண்டியதில்லை என்பது தீர்ப்பின் சாரம். கார் பிறப்பதற்கு முன்பே கார் நிறுத்தத்தின் சட்டம் எழுதப்பட்டுவிட்டது எனலாம். நிற்றல் என்பது செல்லுதலின் ஒரு பகுதியாக இருக்கும்வரை குற்றமில்லை. நிற்றலே நோக்கமானால், அதாவது தெருவே கொட்டிலானால், அது ஆக்கிரமிப்பு.

இத்தீர்ப்புகளைப் பாதியாக மட்டும் நினைவில் கொள்வோர் உண்டு. அண்டை வீட்டானின் வண்டி நெடுநாள் நின்றால் அது தவறு என்பது சரி. அதனால் அவ்விடம் மதிலுக்கு உரியவரின் இடம் ஆகிவிடாது. தெருவோரத்து வீட்டுக்காரருக்குச் சட்டம் தரும் சிறப்புரிமை ஒன்றே: தம் எல்லையின் எந்தப் புள்ளியிலிருந்தும் தெருவில் இறங்கவும் தெருவிலிருந்து தம் இடத்துக்கு ஏறவும் உள்ள உரிமை. வாசலை மறித்து நிற்கும் வண்டி அவ்வுரிமையைப் பறிக்கிறது. அவர் தனியாகவே வழக்குத் தொடுக்கலாம். வாசலை விட்டு விலகி வெறும் மதிலோரம் நிற்கும் வண்டி அவருடைய எந்தத் தனியுரிமையையும் பறிப்பதில்லை. அது ஊரின் வழியைக் குறைக்கிறது; குறை கூற அவருக்கும் உரிமை உண்டு, தெருக்கோடியில் குடியிருப்பவருக்கும் அதே அளவு உண்டு. கண்ணுக்குப் பிடிக்காமை ஒரு வழக்காகாது.

‘என் வீட்டு முன்னிடம்’ என்னும் வாக்கியத்தைச் சட்டம் இவ்வளவு கண்டிப்பாக ஏன் மறுக்கவேண்டும் என்று கேட்போருக்குக் கேரள வரலாறே விடை வைத்திருக்கிறது. இவ்வாக்கியம் இங்கே வேறொரு காலத்தில் வேறொரு வேலை செய்தது.

திருவிதாங்கூர் அரசு 1865இல் பொதுச்சாலைகள் எல்லா வகுப்பினருக்கும் உரியவை என்று அறிவித்தது. 1884இல் அதை மீண்டும் வலியுறுத்தியது. பின்னர் உயர்நீதிமன்றம் அதற்குப் பொருள்கூறியபோது சாலைகளை இரண்டாகப் பிரித்தது: அரசவீதி, கிராமவீதி. அறிவிப்பு அரசவீதிகளுக்கு மட்டுமே பொருந்தும் என்றாயிற்று. அதன் விளைவு எளிது. நெடுஞ்சாலை எல்லாருக்கும், கோயிலைச் சுற்றிய, மனைகளைச் சுற்றிய வீதி அங்கே குடியிருப்போரின் பழக்கவழக்கத்துக்கு உட்பட்டது. வீட்டு முன்னிடம் வீட்டுக்காரருடையது என்னும் நினைப்புக்கு நீதிமன்ற முத்திரையே கிடைத்துவிட்டது.

1893இல் அய்யங்காளி ஒரு வில்லுவண்டியை வாங்கினார். இரண்டு காளைகள் பூட்டி, மணி கட்டி, தலைப்பாகையும் அங்கவஸ்திரமும் அணிந்து, புலையர் நடப்பதற்கே தடையிருந்த பொதுவழிகளில் அதை ஓட்டிச் சென்றார். கேரளத்தின் சமூக வரலாற்றில் ஒரு வண்டி இவ்வளவு பொருளுடையதாக ஆனது அதற்கு முன் இல்லை. கால்நடையாகச் செல்வோன் எதிரே மேலோர் வந்தால் வயலில் இறங்கி ஒதுங்கிவிடலாம், ஒதுங்கும்படி எதிர்பார்க்கப்பட்டான். வண்டியால் ஒதுங்க இயலாது. அது சாலையில்தான் செல்லவேண்டும். எதிரே வருவோன் சாலையைப் பகிர்ந்தே தீரவேண்டும். அய்யங்காளி நடந்து செல்லாமல் வண்டியைத் தேர்ந்தெடுத்ததன் நுட்பம் இதுவே. 1898இல் அவரைச் சார்ந்தோர் பாலராமபுரத்தில் சாலியர் தெரு வழியே செல்ல முயன்றபோது வன்முறை வெடித்தது. மோதல் நடந்தது அரண்மனைத் தெருவில் அன்று, நெசவாளர் தெருவில் என்பதைக் கவனிக்கவேண்டும். தெருவைத் தனதாக நினைக்க மாளிகை வேண்டியதில்லை. ஒரு திண்ணை போதும்.

இடப்பள்ளிக்குத் தெற்கே, வேம்பநாட்டுக் காயலை ஒட்டிய வைக்கத்தில் 1924 மார்ச் 30ஆம் நாள் தொடங்கிய சத்தியாக்கிரகம் தமிழ் வாசகர் நன்கறிந்தது, பெரியார் ஈ.வெ.ரா. அங்கு சென்று இருமுறை சிறைப்பட்டதும் அறிந்ததே. கோயில் நுழைவுக்கான போராட்டமாக அது பலர் நினைவில் பதிந்துவிட்டது. உண்மையில் கேட்கப்பட்டது கோயிலைச் சுற்றிய நான்கு வீதிகளில் நடக்கும் உரிமை மட்டுமே. எதிர்த்தரப்பு கூறியது: அவ்வீதிகள் கோயிலைச் சார்ந்தவை, கிராமவீதிகள். போராடியோர் கூறியது: பொதுப்பணத்தில் பராமரிக்கப்படும் வீதி பொதுவீதி. 1925 பிப்ரவரியில் திருவிதாங்கூர்ச் சட்டமன்றத்தில் வீதிகளைத் திறக்கும் தீர்மானம் 22க்கு 21 என்று ஒரே வாக்கில் தோற்றது. அவ்வாண்டின் இறுதியில் எட்டிய உடன்பாட்டின்படி மூன்று வீதிகள் திறக்கப்பட்டன; கிழக்கு வீதி மூடியே இருந்தது. ஒதுக்கப்பட்டோர் சுற்றிச் செல்ல அரசு மாற்றுவழி அமைத்துக் கொடுத்தது. தெருவை மறித்தவனை அகற்றாமல் மறிக்கப்பட்டவனுக்கு வேறு பாதை போட்டுக் கொடுக்கும் நிர்வாகப் பழக்கத்துக்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. எஞ்சிய வீதி 1936ஆம் ஆண்டின் கோயில் நுழைவுப் பிரகடனத்துக்குப் பின்னரே திறந்தது.

இன்னும் நெருக்கமான உதாரணம் பாலியம். இடப்பள்ளிக்கு வடக்கே, வட பறவூரை அடுத்த சேந்தமங்கலத்தில் கொச்சி அரசின் பரம்பரை அமைச்சர்களான பாலியத்து அச்சன்மாரின் இல்லம் உள்ளது. அதன் முன்னால் செல்லும் சாலையில் ஒடுக்கப்பட்ட சாதியினர் நடக்கக் கூடாது. அது அரண்மனைக்கு உள்ளே இருந்த முற்றம் அன்று. ஊரார் செல்லும் சாலை. ‘எங்கள் வாசலுக்கு முன்னால் உள்ளது’ என்பதே அத்தடையின் அடிப்படை. இந்தியா விடுதலை பெற்றபின், 1947 டிசம்பரில், அச்சாலைக்காகச் சத்தியாக்கிரகம் தொடங்கியது. காங்கிரசாரும் பொதுவுடைமையரும் ஈழவ, புலைய அமைப்பினரும் நம்பூதிரி இல்லப் பெண்களும் கொடுங்கல்லூர் அரண்மனைப் பெண்களும் அதில் சேர்ந்தனர். 1948 மார்ச்சில் ஏ.ஜி. வேலாயுதன் என்னும் தொண்டர் காவலரின் தடியடியால் உயிரிழந்தார். வீட்டு முன்னால் உள்ள ஒரு தெருவில் நடப்பதற்காக, தேசியக்கொடி ஏறிய பிறகு, ஒரு மனிதர் சாகவேண்டியிருந்தது.

சாதித் தடையையும் கார் நிறுத்தத்தையும் ஒரே தராசில் வைப்பது இங்கே நோக்கமன்று. கொடுமையின் அளவில் இரண்டுக்கும் ஒப்புமையே இல்லை. ஆனால் வாதத்தின் எலும்புக்கூடு ஒன்றே. ‘எனக்கு முன்னால் இருப்பதால் என்னுடையது, நெடுங்காலமாக என் வழக்கம், ஆகவே என் உரிமை.’ பாலியத்துச் சாலையில் தோற்கடிக்கப்பட்ட அந்த வாதத்தை இடப்பள்ளியின் உள்தெருவில் சிமெண்டுத் தொட்டியின் வடிவில் மீண்டும் வைத்துப் பார்ப்பது நகைப்புக்குரியது. காரை மாதக்கணக்கில் நகர்த்தாமல் வைத்திருப்பவரும் அதே வாதத்தையே, சொல்லாமல், செய்கிறார்.

‘வழக்கம், ஆகவே உரிமை’ என்பதற்கும் சட்டத்தில் விடையுண்டு. 1882ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டப்படி, ஒருவர் மற்றொருவரின் நிலத்தின் வழியே 20 ஆண்டு தடையின்றி, தம் உரிமை என்று வெளிப்படையாக நடந்துவந்தால் அது நிலைத்த உரிமையாகலாம். ஆனால் ஒருமுறை பொதுவழி ஆனது எப்போதும் பொதுவழியே. எத்தனை ஆண்டு வண்டி நின்றாலும் தெருவின் ஒரு முழம்கூட வண்டிக்காரருக்குச் சேராது. கேட்டு வாங்கிய அனுமதிக்கோ இன்னும் வலுக்குறைவு. அனுமதி கொடுத்தவர் நினைத்தபோது விலக்கிக்கொள்ளத்தக்கது. அதிலும் எதிர்வீட்டார் கொடுத்த ‘நிறுத்திக்கொள்ளுங்கள்’ என்னும் அனுமதி, தமக்கு உரிமையில்லாத ஒன்றைக் கொடுத்ததேயாகும். ஊராட்சியும் நகராட்சியும்கூடத் தெருவுக்கு முழு உடைமையாளர் அல்ல. மங்களூர் என்னும், அன்று உத்தரப்பிரதேசத்தில் இருந்த நகராட்சி சாலையோர நிலத்தில் சிலை முதலியவற்றை வைக்க முயன்ற வழக்கில், 1965இல் உச்சநீதிமன்றம் நகராட்சியின் உரிமை வழியைப் பாதுகாக்கும் அறங்காவலரின் உரிமை மட்டுமே என்று கூறியது. (கர்நாடகத்து மங்களூர் வேறு.) நகராட்சிக்கே இல்லாதது மதிலுக்கு எங்கிருந்து வரும்?

1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் 283ஆம் பிரிவில், தன் செயலாலோ தன் வசமுள்ள பொருளை ஒழுங்காக வைக்காமையாலோ பொதுவழியில் தடை உண்டாக்குவோருக்கு 200 ரூபாய் வரை தண்டம் விதித்தது. 1860இல் அது சிறு தொகையன்று. பின்னர் 160 ஆண்டுகளுக்கு மேலாக எவரும் அத்தொகையைத் தொடவில்லை. காலப்போக்கில், தெருவை மறித்தற்கான தண்டம் மாத வாடகைக்கு ஒரு கொட்டில் எடுப்பதைவிட மலிவாகிவிட்டது. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதை 285ஆம் பிரிவில் அதை 5000 ரூபாயாக உயர்த்தியிருக்கிறது. ‘தன் வசமுள்ள பொருள்’ என்னும் சொற்கள் காருக்கும் பொருந்தும், தொட்டிக்கும் பொருந்தும், உடைந்த நாற்காலிக்கும் பொருந்தும். கௌடலீயம் வண்டியையும் உரலையும் ஒரே விதியில் வைத்ததை இங்கே நினைவுகூரலாம். 1989ஆம் ஆண்டின் சாலை ஒழுங்குவிதிகளோ கார் ஓட்டுவோருக்குத் தெளிவாகவே உரைத்தன: வளைவில், நடைபாதையில், நிற்கும் மற்றொரு வண்டிக்கு நேர் எதிரே, ஒரு வளாகத்தின் வாயிலை மறித்து நிறுத்தலாகாது. குறுகிய தெருக்களில் நேர் எதிரே என்னும் சொல்லே பெரும்பாலான சண்டைகளைத் தீர்க்கப் போதுமானது. இருபுறமும் கார் நின்றால் நடுவே தீயணைப்பு வண்டியும் ஆம்புலன்சும் புகமுடியாது. இத்தகைய தெருவில் ஒருநாள் உயிர் போவது சண்டைக்காரர் இருவருடையதாகவும் இல்லாமல், மூன்றாம் வீட்டு முதியவருடையதாக இருக்கக்கூடும்.

ஆகவே வழக்கு தொடுக்கும் முன் செய்யத்தக்கது எளிது, ஆனால் கூச்சம் தருவது: முதலில் தம் தொட்டிகளை உள்ளே எடுத்துக்கொள்வது. பிறகு அண்டை வீட்டாரிடம் நேரில் பேசுவது; கண்ணாடியில் சீட்டு ஒட்டுவதைவிட அது நல்லது. அப்போதும் ‘என் வாசல்’ என்று பேசாமல் ‘வழி’ என்று பேசுவது. எந்தப் பக்கம் நிறுத்துவது, எந்த வளைவை விட்டுவிடுவது என்பதைக் குடியிருப்போர் சங்கத்தில் வைத்துத் தெரு முழுவதற்கும் ஒரே விதியாக ஆக்கலாம். அண்டை அயலாரின் சாட்சியத்தால் தீர்க்கவேண்டும் என்ற பழைய விதியின் இன்றைய வடிவம் அதுவே. டயரின் காற்றைப் பிடுங்குவது, கீறுவது, சங்கிலி போடுவது ஆகியவை குறைகூறுவோரைக் குற்றவாளியாக்கிவிடும். அவ்வளவில் வழக்கின் முகமே திரும்பிவிடும்.

இவை அனைத்துக்கும் அடியில் ஒரு கணக்கு கிடக்கிறது. கேரளத்தின் கட்டட விதிகள் 1999 முதலே புதுக்கட்டடங்களுக்குள் வண்டி நிறுத்த இடம் கேட்கின்றன. அதற்கு முற்பட்ட வீடுகளுக்கு அவ்விதி இல்லை. விதிக்குட்பட்ட வீடுகளிலும் கார்க்கொட்டில் பின்னர் ஓர் அறையாகவோ கடையாகவோ மாறிவிடுவதுண்டு. ஜப்பான் 1962இலேயே வேறு முனையில் தொடங்கியது. அங்கே கார் வாங்குவோர், வீட்டிலிருந்து குறித்த தொலைவுக்குள், இன்று 2 கிலோமீட்டருக்குள், அதை வைக்கத் தெருவல்லாத இடம் உண்டு என்று காவல்நிலையத்தின் சான்று பெறவேண்டும். சிறு கார்களுக்குச் சில ஊர்களில் விலக்கு உண்டு. ஆயினும் பொதுவிதி அதுவே. அதனால்தான் தோக்கியோவின் உள்தெருக்கள் இடப்பள்ளியினுடையவற்றைப் போலவே குறுகியிருந்தும் வெறுமையாக இருக்கின்றன. கேரளத்தில் வண்டிப் பதிவின்போது உரிமையாளரின் முகவரி கேட்கப்படுகிறது. வண்டி இரவில் எங்கே நிற்கும் என்று எவரும் கேட்பதில்லை.

பேச்சும் சங்கமும் காவல்நிலையமும் பயன்தராதபோது எஞ்சுவது நிர்வாக நடுவரிடம் மனுச்செய்வது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133ஆம் பிரிவு, இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதையின் 152ஆம் பிரிவு, பொதுவழியில் உள்ள தடையை அகற்ற அவருக்கு ஆணையிடும் அதிகாரம் தருகிறது. காவலர் அறிக்கை கட்டாயமன்று. குடிமகன் தரும் தகவலே போதும். 1980இல் இரத்லாம் நகராட்சி வழக்கில் நீதியரசர் வி.ஆர். கிருஷ்ணய்யர் இப்பிரிவுக்கு ஊட்டிய உயிர், சாக்கடை நாற்றத்தில் வாழ்ந்த ஒரு தெருவாரின் மனுவிலிருந்து பிறந்தது. இடப்பள்ளி கணயன்னூர் தாலுகாவைச் சேர்ந்தது. அத்தாலுகாவுக்குரிய கோட்ட அலுவலகம் காயலுக்கு அப்பால், மட்டாஞ்சேரியை அடுத்த போர்ட் கொச்சியில் இருக்கிறது. இடப்பள்ளிக்காரர் தம் தெருவை மீட்க மனு எழுதினால், தம் ஊர் மன்னர் ஒருகாலத்தில் அண்டைக் குடிக்கு விட்டுக்கொடுத்ததாகச் சொல்லப்படும் அந்த நிலத்துக்குப் போய்த்தான் அதைக் கொடுக்கவேண்டும்.